கரும்பொருள் அடர்த்தி காலத்தோடு எப்படி மாறுகிறது: கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் சோதிக்கும் வழி

பிரபஞ்சம் விரியும்போது கரும்பொருள் புதிதாக உண்டாகவும் இல்லை, அழியவும் இல்லை என்றால் அதன் சராசரி அடர்த்தி கன அளவு பெருகும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நீளம் இரண்டு மடங்கானால் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் அது அளந்து பார்க்க வேண்டிய கூற்று, அளக்கவும் முடியும். தொலைநோக்கி தேவையில்லை. தரவு முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்கள் ப்ராஜெக்ட் செமஸ்டரில், துறை லேபில் இருக்கும் 4 ஜி.பி. மெமரி கம்ப்யூட்டரை வைத்தே இதை ஒழுங்காகச் செய்து முடிக்கலாம்.

கடினம் கணக்கில் இல்லை. நாம் எடுக்கும் எண்களில் சில, கரும்பொருள் வழக்கமான விதிப்படிதான் குறைகிறது என்று ஏற்கெனவே வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டவை. அவற்றைக் கண்டுபிடித்து விலக்காவிட்டால், போட்ட விடையையே திரும்ப எடுப்போம். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

எதை அளக்கிறோம்

விரிவால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் செம்பெயர்ச்சியை "செ" என்று எழுதுவோம். செ = 1 என்றால் அந்த ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் நீளங்கள் எல்லாம் இன்றிருப்பதில் பாதி. கரும்பொருள் அடர்த்தி (1+செ)^(3+எ) என்று மாறுகிறது என வைத்துக்கொள்வோம். இதில் எ என்பது எப்சிலான். வழக்கமான கொள்கை சரி என்றால் எ = 0. நேர்மறையாக வந்தால், முன்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்து காலப்போக்கில் கரைந்துகொண்டு வருகிறது என்று பொருள். எதிர்மறை என்றால் கூடிக்கொண்டு வருகிறது.

இங்கே அடர்த்தி என்பது பிரபஞ்சம் முழுவதற்குமான சராசரி. பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுப்படி இன்றைய கரும்பொருள் பங்கு மொத்தத்தில் சுமார் 0.264. கிலோகணக்கில், ஒரு கனமீட்டருக்கு 2.25 × 10⁻²⁷ கிலோ, அதாவது ஒன்றேகால் ஹைட்ரஜன் அணுவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. சூரியனைச் சுற்றியுள்ள கரும்பொருள் அடர்த்தி இதைப்போல லட்சக்கணக்கான மடங்கு. அது நம் கேலக்ஸிக்குள் ஈர்ப்பால் திரண்ட பொருள், அதற்கும் இந்தச் சோதனைக்கும் தொடர்பில்லை. ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இந்த இரண்டையும் குழப்புவது அடிக்கடி நடக்கிறது.

அடர்த்தியை நேரடியாக யாரும் அளப்பதில்லை. அளப்பது விரிவு வேகத்தை, ஹப்பிள் அளவான ஹெச்-ஐ. சூத்திரம் இது:

ஹெச்² = ஹெச்₀² × [ பே × (1+செ)³ + க × (1+செ)^(3+எ) + ஆ ]

ஹெச்₀ என்பது ஹெச்-இன் இன்றைய மதிப்பு, பே என்பது பேரியான் எனப்படும் சாதாரணப் பொருளின் பங்கு, க கரும்பொருளின் பங்கு, ஆ கரும் ஆற்றலின் பங்கு. மூன்றும் சேர்ந்து 1. பேரியானையும் கரும்பொருளையும் ஒரே உறுப்பாகச் சேர்த்துப் போடாதீர்கள். அணுக்கள் காணாமல் போவதில்லை, அவற்றின் அடுக்கு 3 தான். இரண்டையும் சேர்த்தால் எ-யின் மதிப்பு சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்து நீர்த்துப்போகும். கதிர்வீச்சை விட்டுவிடலாம், செ = 2.3-இல்கூட அதன் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதான்.

முதலில் கிராஃப் ஷீட்

பைத்தானைத் திறக்கும் முன் கால்குலேட்டரும் கிராஃப் ஷீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எ = 0 என்றால் மேலே உள்ள சூத்திரத்தில் (1+செ)³-ஐ எக்ஸ் அச்சிலும் ஹெச்²-ஐ ஒய் அச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும். சாய்வு பொருளின் அளவைத் தரும், வெட்டுத்துண்டு கரும் ஆற்றலைத் தரும். எ பூஜ்யம் இல்லை என்றால் கோடு வளையும்.

தரவுக்கு அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் 4 மீட்டர் தொலைநோக்கியில் இயங்கும் டெசி கருவியின் 2025 முடிவுகள் போதும். 5,000 ஒளியிழைகளை வைத்துக் கேலக்ஸிகளின் நிறமாலையை எடுத்து, பேரியான் ஒலி அலைகளின் தடத்தை அளக்கும் ஆய்வு அது. அவர்கள் வெளியிடுவது ஹெச் அல்ல, ஒரு விகிதம்: ஒளிவேகத்தை ஹெச்-ஆல் வகுத்து, அதை ஒலி எல்லைத் தூரத்தால் (பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் ஒலி அலைகள் கடந்த தூரம்) வகுத்த எண். செ = 2.330-இல் அந்த எண் 8.632, பிழை 0.101. ஒலி எல்லைத் தூரத்தை 147.1 மெகாபார்செக் என்று எடுத்தால், 299792 ÷ (8.632 × 147.1) = 236.1 கி.மீ./விநாடி/மெகாபார்செக். பிளாங்க் மதிப்புகளை (ஹெச்₀ = 67.4, மொத்தப் பொருள் 0.315) சூத்திரத்தில் போட்டால் 236.5 வரும். சுமார் ஆயிரத்து நூறு கோடி ஆண்டுக்கு முந்தைய விரிவு வேகம் இரண்டு வழியிலும் அரை கி.மீ. வித்தியாசத்தில் ஒத்துப்போவதை ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. அதன் பிறகு கம்ப்யூட்டர் தரும் எண்கள் வெறும் எண்களாகத் தெரியாது.

இதே வகையில் மற்ற புள்ளிகள்: செ 0.510-க்கு விகிதம் 21.863, ஹெச் 93.2. செ 0.706-க்கு 19.455, ஹெச் 104.8. செ 0.934-க்கு 17.641, ஹெச் 115.5. செ 1.321-க்கு 14.176, ஹெச் 143.8. செ 1.484-க்கு 12.817, ஹெச் 159.0. ஒய் அச்சில் ஹெச்²-ஐ 10,000-ஆல் வகுத்துக் குறித்தால் எண்கள் கைக்கு அடங்கும். எக்ஸ் அச்சு 0 முதல் 40 வரை போதும்.

கடைசி நான்கு புள்ளிகளும் பிளாங்க் கோட்டில் ஒட்டி உட்காரும், முதல் இரண்டும் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும். சாய்வை இரண்டு துண்டாகக் கணக்கிட்டுப் பாருங்கள். 0.934-க்கும் 2.330-க்கும் இடையே: (5.574 − 1.335) ÷ (36.93 − 7.23) = 0.143, பிழை 0.0045. பிளாங்க் தரும் மதிப்பும் 0.143 தான். 0.510-க்கும் 0.934-க்கும் இடையே: (1.335 − 0.869) ÷ (7.23 − 3.44) = 0.123, பிழை 0.012. இரண்டாவது சாய்வு சற்றுக் குறைவு. வித்தியாசம் ஒன்றரை சிக்மா (பிழையைப்போல ஒன்றரை மடங்கு) அளவுதான், ஆகவே இதை வைத்து எதையும் அறிவிக்க முடியாது. தவிர இரண்டு சாய்வுகளும் நடுப்புள்ளியைப் பகிர்ந்துகொள்கின்றன, அவற்றைத் தனித்தனிச் சான்றாகவும் எடுக்கக் கூடாது. ஆனால் பின்னால் கம்ப்யூட்டர் எ-க்குச் சிறிய நேர்மறை மதிப்பைக் கொடுத்தால், அது எந்தப் புள்ளிகளிலிருந்து வருகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். வருண் ஸாஹ்னி, அர்மான் ஷஃபீலூ, அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி ஆகியோர் பரிந்துரைத்த "ஓம்" சோதனையின் இரட்டைப் புள்ளி வடிவம் இதுவே.

இந்த கிராஃபில் இன்னொன்றையும் பாருங்கள். 147.1 என்ற எண், கரும்பொருள் வழக்கமான விதிப்படி நடந்தது என்று வைத்து, செ = 1060 காலத்து இயற்பியலிலிருந்து கணக்கிடப்பட்டது. அது தவறாக இருந்தால்? ஹெச் எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும். சாய்வும் வெட்டுத்துண்டும் ஒரே விகிதத்தில் மாறும். கோடு நேராக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் விடை மாறாது. இப்படி, சந்தேகத்துக்குரிய எண் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்று பார்த்து, தொடாத கேள்வியைக் கேட்பதுதான் இந்த வேலையின் அடிப்படை.

எந்தத் தரவை எடுப்பது, எதை விடுவது

மூன்று வகை தரவு போதும். முதலாவது டெசி. மேலே சொன்ன ஆறு எண்களோடு, அதே செம்பெயர்ச்சிகளுக்கான குறுக்குத் தூர எண்கள் ஆறும், செ = 0.295-க்கான சராசரித் தூரம் (7.942, பிழை 0.075) ஒன்றும் சேர்ந்து மொத்தம் 13. ஒரே செம்பெயர்ச்சியில் உள்ள இரண்டு எண்களும் ஒன்றையொன்று சார்ந்தவை, அவற்றின் தொடர்புக் கெழு −0.40 முதல் −0.50 வரை. இதை விட்டுவிட்டுத் தனித்தனிப் பிழையாகப் போட்டால் எ-யின் பிழைப்பட்டை தவறாக வரும். பிழைகள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்று சொல்லும் கோவேரியன்ஸ் அட்டவணையையே இறக்கிப் பயன்படுத்துங்கள். டெசிக்கு முந்தைய வான ஆய்வான எஸ்.டி.எஸ்.எஸ்.-இன் அளவுகளை இதோடு சேர்க்க வேண்டாம். வானத்தின் அதே பகுதி, பல இடங்களில் அதே கேலக்ஸிகள், ஆகவே ஒரே சான்றை இரு முறை எண்ணியதாகிவிடும்.

இரண்டாவது, பாந்தியன் பிளஸ் சூப்பர்நோவா தொகுப்பு (2022). 1,550 ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்களின் 1,701 ஒளிவளைவுகள், செ 0.001 முதல் 2.26 வரை. கிட்ஹப்பில் தரவுக் கோப்பு ஒன்று, கோவேரியன்ஸ் கோப்பு ஒன்று என இரண்டு இருக்கும். இதற்குப் போட்டியாக யூனியன்-3, டார்க் எனர்ஜி சர்வேயின் ஐந்தாண்டுத் தொகுப்பு ஆகியவையும் உண்டு. மூன்றிலும் பொதுவான சூப்பர்நோவாக்கள் இருப்பதால் ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நேரம் இருந்தால் ஒன்றை மாற்றி இன்னொன்றை வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், அது நல்ல சோதனை.

மூன்றாவது, காஸ்மிக் கிரோனோமீட்டர்கள். நட்சத்திர உற்பத்தி நின்றுபோன முதிய கேலக்ஸிகளின் வயது வித்தியாசத்திலிருந்து ஹெச்-ஐ நேரடியாகக் கணக்கிடும் முறை, ரவுல் ஹிமேனெஸும் ஆபிரகாம் லோபும் 2002-இல் முன்வைத்தது. செ 0.07-இலிருந்து 1.965 வரை முப்பதுக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உண்டு. பிழைகள் பெரிது: செ = 0.4-இல் 95 ± 17, செ = 1.965-இல் 186.5 ± 50.4. ஆனாலும் இதை விடக் கூடாது. கரும்பொருள் எப்படி நடந்துகொண்டது என்ற எந்த முன்முடிவும் இல்லாமல் ஹெச்-ஐத் தருவது இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

கிரோனோமீட்டர் அட்டவணையை இறக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் 51 புள்ளிகள் கொண்ட ஹெச் அட்டவணை ஒன்று பரவலாகச் சுற்றுகிறது. அதில் 31 மட்டுமே கேலக்ஸி வயதிலிருந்து வந்தவை, மீதி 20 ஒலி அலை அளவுகளிலிருந்து வந்தவை. அந்த இருபதுக்குள்ளும் 147-ஐ ஒட்டிய எண் ஒளிந்திருக்கிறது. அப்படியே எடுத்தால் டெசியையும் இரு முறை எண்ணுவோம், வழக்கமான விதியையும் பின்வாசல் வழியாக உள்ளே விடுவோம். ஒவ்வொரு புள்ளியும் எந்த முறையில் வந்தது என்று மூலக் கட்டுரையைப் பார்த்து, வயது முறை அல்லாததை நீக்குங்கள். மிஞ்சிய புள்ளிகளிலும் பல ஒரே நட்சத்திரக் கூட்ட மாதிரிகளைப் பயன்படுத்தியவை, ஆகவே அவற்றின் பிழைகள் சேர்ந்தே ஏறி இறங்கும். மிகேலே மொரெஸ்கோவின் குழு அதற்கான கோவேரியன்ஸ் செய்முறையை வெளியிட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பிளாங்க் எண்களை முன்னிபந்தனையாகப் போடாதீர்கள். மொத்தப் பொருள் 0.315 ± 0.007 என்பதே எ = 0 என்று வைத்து எடுத்த விடை. அதை உள்ளே போட்டால் எ அழகாகப் பூஜ்யத்தில் வந்து உட்காரும், அதற்கு அர்த்தமும் இருக்காது. பேரியான் அளவு மட்டும் வெளியிலிருந்து தேவை. அதற்குப் பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் நிமிடங்களின் அணுக்கருச் சேர்க்கையிலிருந்து வந்த மதிப்பை எடுங்கள்: பேரியான் பங்கு பெருக்கல் (ஹெச்₀/100)² = 0.0222 ± 0.0005. அந்தக் காலத்தில் கதிர்வீச்சே எல்லாம், கரும்பொருள் கணக்கில் வரவே இல்லை. ஆகவே அது இந்த விஷயத்தில் கறைபடாத எண்.

பைத்தான் கோடு (நிரல்) எழுதுவது

லேப் கம்ப்யூட்டரில் அட்மின் பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் பைத்தானை பென் டிரைவிலேயே நிறுவி ஓட்டலாம். நம்பை, சைபை, எம்சீ (தரவுக்குப் பொருந்தும் மாறி மதிப்புகளைத் தேடுவது), கெட்டிஸ்ட் (விடைகளைப் படமாக்குவது) ஆகிய நான்கு பேக்கேஜ்கள் போதும். கூகுள் கோலாபிலும் முழுவதையும் ஓட்டலாம், ஆனால் அது நடுவில் துண்டித்துவிடும் என்பதை மனதில் வைத்து விடைகளை டிரைவில் சேமித்துக்கொண்டே போங்கள்.

தூரம் கணக்கிட, செ 0 முதல் 2.4 வரை 2,000 புள்ளிகளில் 1/ஹெச்-ஐ எடுத்து, திரட்டுத் தொகையாக டிரபிசாய்டு முறையில் கூட்டி, தேவையான செம்பெயர்ச்சிகளுக்கு இடைச்செருகல் செய்யுங்கள். ஒவ்வொரு சூப்பர்நோவாவுக்கும் தனித்தனியாகத் தொகையீடு செய்தால் வேலை நூறு மடங்கு மெதுவாகும். சரிபார்க்க: ஹெச்₀ 67.4, பொருள் 0.315, எ = 0 என்றால் செ = 1-க்கு இணைநகர் தூரம் சுமார் 3,400 மெகாபார்செக், ஒளித்தூரம் 6,800, தூரக்குறியீடு 44.16 வர வேண்டும். வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

சூப்பர்நோவா கோப்பில் மூன்றாவது பத்தி ஹப்பிள் வரைபடத்துக்கான செம்பெயர்ச்சி, ஏழாவது பத்தி சூரியனிலிருந்து பார்த்த செம்பெயர்ச்சி, ஒன்பதாவது பத்தி திருத்தப்பட்ட பிரகாசம். தொகையீட்டுக்கு மூன்றாவதையும், அதற்கு வெளியே பெருக்கும் (1+செ)-க்கு ஏழாவதையும் பயன்படுத்த வேண்டும். ஒன்பதாவதற்குப் பதில் பதினோராவது பத்தியான தூரக்குறியீட்டை எடுத்தால் செஃபீட் நட்சத்திர அளவுகோலிலிருந்து வந்த ஹெச்₀ ஒன்று உள்ளே வந்துவிடும், அது கிரோனோமீட்டருடன் முட்டும். செ 0.01-க்குக் கீழே உள்ளவற்றை நீக்குங்கள். அங்கே கேலக்ஸிகளின் சொந்த ஓட்டம் விரிவோடு கலந்திருக்கும். ஏறத்தாழ 1,590 மிஞ்சும்.

நீக்கும்போதுதான் பலரும் சறுக்குவது. கோவேரியன்ஸ் கோப்பின் முதல் வரி 1701 என்ற எண், அதை விட்டுவிட்டு மிச்சமுள்ள 28,93,401 எண்களை 1701-க்கு 1701 சதுரமாக மடிக்க வேண்டும். பிறகு நீக்கிய சூப்பர்நோவாக்களின் வரிசைகளையும் பத்திகளையும் சேர்த்தே நீக்க வேண்டும். வரிசையை மட்டும் நீக்கினால் பைத்தானே பிழை காட்டிவிடும், அது பரவாயில்லை. ஆபத்து வேறிடத்தில்: தரவை முதலில் செம்பெயர்ச்சிப்படி வரிசைப்படுத்திவிட்டு, கோவேரியன்ஸைப் பழைய வரிசையிலேயே விட்டுவிடுவது. பிழை எதுவும் வராது, தரவிலிருந்து சூத்திரம் விலகும் அளவான கை-ஸ்கொயர் மட்டும் தாறுமாறாக இருக்கும். இந்த அணி மெமரியில் 23 எம்.பி. தான் பிடிக்கும். சோலெஸ்கி பிரிப்பை ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் அணியைத் தலைகீழாக்கும் கோடு எழுதினால் ராத்திரி முழுக்க ஓடினாலும் முடியாது.

சூப்பர்நோவாவின் உள்ளார்ந்த பிரகாசம் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதை மாறியாக வைக்காமல் நேரடியாகவே நீக்கலாம். கோவேரியன்ஸின் தலைகீழ் அணிக்கு, தரவுக்கும் சூத்திரத்துக்கும் உள்ள வித்தியாச வெக்டரை இரு பக்கமும் வைத்த பெருக்கல் ஒன்று, ஒருபக்கம் ஒன்றுகளின் வெக்டர் வைத்த பெருக்கல் இரண்டு, இரு பக்கமும் ஒன்றுகள் வைத்தது மூன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதன் வர்க்கத்தை மூன்றாவதால் வகுத்துக் கழித்தால் வேண்டிய கை-ஸ்கொயர் வந்துவிடும்.

மிச்சம் ஐந்து மாறிகள். ஹெச்₀-க்கு 50 முதல் 90, கரும்பொருள் பங்குக்கு 0.05 முதல் 0.6, எ-க்கு −1 முதல் +1, ஒலி எல்லைத் தூரத்துக்கு 120 முதல் 170 என எல்லை கொடுங்கள். ஐந்தாவது மேலே சொன்ன பேரியான் அளவு. ஒலி எல்லைத் தூரத்தை 147.1-இல் பூட்டாமல் திறந்து விடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். அதனால் டெசி வடிவத்தை மட்டும் சொல்லும், அளவுகோலைக் கிரோனோமீட்டர் சொல்லும்.

எ-யும் கரும்பொருள் பங்கும் எதிரெதிராகப் பின்னிக்கிடக்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கி அதே ஹெச்-ஐத் தரும். படத்தில் நீண்ட, ஒல்லியான, வளைந்த பட்டை தெரியும், எம்சீ அதற்குள் நகரத் திணறும். இன்றைய கரும்பொருள் பங்கை மாறியாக வைக்காமல், அதை 1.6^எ-ஆல் பெருக்கிய எண்ணை மாறியாக வையுங்கள். அது செ = 0.6 காலத்து அடர்த்தியைக் குறிக்கும், தரவு அதிகம் குவிந்திருப்பது அந்தப் பக்கம்தான். பட்டை உருண்டையாகிவிடும், ஓட்டமும் வேகமாகும்.

32 வாக்கர்கள் (ஒரே நேரத்தில் தேடும் புள்ளிகள்), 5,000 படிகளில் தொடங்குங்கள். தன்தொடர்பு நீளத்தைக் கேட்டுப் பார்த்து, மொத்தப் படிகள் அதைப்போல 50 மடங்காவது இல்லை என்றால் நீட்டுங்கள். ஓட்டத்தை எம்சீயின் ஹெச்டிஎஃப் சேமிப்பு வசதியோடு தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் லேபின் யு.பி.எஸ். நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பொய்த் தரவில் ஓட்டிய பிறகே நிஜத் தரவு

எ = 0 என்று வைத்து, உண்மையான கோவேரியன்ஸிலிருந்து தற்செயல் பிழை சேர்த்து ஒரு போலித் தரவுத் தொகுப்பு உருவாக்குங்கள். சோலெஸ்கி அணியைச் சீரற்ற எண் வெக்டரோடு பெருக்கினால் பிழை தயார். அதை உங்கள் கோடு எப்படிப் படிக்கிறது என்று பாருங்கள். அப்புறம் எ = 0.2 போட்ட போலித் தரவு. இருபது போலித் தொகுப்பில் சுமார் பதின்மூன்று, பதினான்கிலாவது உண்மை மதிப்பு ஒரு சிக்மாவுக்குள் வர வேண்டும். இருபதிலும் வந்தால் பிழையைக் கூட்டிச் சொல்கிறீர்கள், ஐந்தில்தான் வந்தால் குறைத்துச் சொல்கிறீர்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்ல ஆசை வரும். தாண்டினால், கடைசியில் வரும் எ கரும்பொருளைப் பற்றியதா, உங்கள் கோடைப் பற்றியதா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

நிஜத் தரவுக்கு வரும்போது எ-யின் மதிப்பைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது நல்லது. நண்பர் ஒருவர் ஒரு சீரற்ற எண்ணைக் கோப்பில் போட்டு வைக்கட்டும், கோடு அதைக் கூட்டியே விடையைக் காட்டட்டும். மற்ற சோதனைகள் முடிந்த பிறகு அதைக் கழித்துக்கொள்ளலாம். பூஜ்யத்தைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அதைத் தடுக்க இது ஒன்றே வழி.

கை-ஸ்கொயர் எண்களையும் பாருங்கள். எ = 0 ஓட்டத்தில் 1,590 சூப்பர்நோவாவுக்கு 1,400-ஐ ஒட்டியும், டெசியின் 13-க்கு 10-ஐ ஒட்டியும், கிரோனோமீட்டர் 31-க்கு 15-ஐ ஒட்டியும் வரும். கடைசி எண் மிகக் குறைவு. பொருத்தம் அபாரம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது, கிரோனோமீட்டர்களின் பிழைகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்றுதான் பொருள்.

எந்த அளவு துல்லியத்தை எதிர்பார்ப்பது? ஹெச்₀-உம் இன்றைய பங்குகளும் தெரிந்திருந்தால், எ = 0.1 என்பது செ = 2.33-இல் ஹெச்-ஐ 236.5-இலிருந்து 248-க்குத் தள்ளும், ஐந்து சதவீதம். அங்கே டெசியின் பிழை 1.2 சதவீதம். செ = 0.5-இல் அதே எ ஒரு சதவீதம்தான் மாற்றும், அங்கே கிரோனோமீட்டரின் பிழை பத்து சதவீதத்துக்கும் மேல். ஆகவே சுமை முழுவதையும் தூக்குவது தொலைவிலுள்ள ஒரு சில புள்ளிகள். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டி எ எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணை போடுங்கள். எல்லா மாறிகளையும் திறந்துவிட்ட பிறகு பிழை பத்தில் ஒரு பங்கு என்ற வரிசையில் வந்தால் நல்ல வேலை.

எ பூஜ்யத்திலிருந்து விலகி வந்தால்

உடனே கரும்பொருள் கரைகிறது என்று எழுத முடியாது. ஹெச் சொல்வது மொத்த அடர்த்தியை மட்டும். பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் காவிரியில் மொத்தம் எத்தனை கனஅடி வருகிறது என்று தெரியும், அதில் கபினியிலிருந்து எவ்வளவு, கிருஷ்ணராஜ சாகரிலிருந்து எவ்வளவு, இடைப்பட்ட காட்டு மழை எவ்வளவு என்று அந்த அளவுகோல் சொல்லாது. அதுபோல, கரும்பொருள் மாறுவதும் கரும் ஆற்றல் மாறுவதும் ஹெச்-இல் ஒரே உருவத்தில் தோன்றலாம். டெசியின் 2025 முடிவுகளைச் சூப்பர்நோவாக்களோடும் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சோடும் சேர்த்தபோது, எந்தத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை, கரும் ஆற்றல் காலத்தோடு மாறுவதாகச் சாடை தெரிந்தது. அதே சாடையே உங்கள் ஓட்டத்தில் எ என்ற பெயரில் வந்து நிற்கலாம். கரும் ஆற்றலின் நிலைச் சமன்பாட்டையும் திறந்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். எ-யின் பிழை பெருகி, விலகல் கரைந்துபோகக் கூடும். இரண்டு விடைகளையும் அறிக்கையில் பக்கத்துப் பக்கத்தில் கொடுங்கள்.

ஆற்றல் எங்கே போகிறது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். மேலே உள்ள சூத்திரம், கரும் ஆற்றலைத் தொடாமல், கரும்பொருளுக்கே சிறிய அழுத்தம் இருப்பதாக வைப்பதற்குச் சமம். கரும்பொருள் வெற்றிட ஆற்றலாக மாறுகிறது என்று வைத்தால் ஆற்றல் அழியாமைக்காக, க என்ற இடத்தில் க × 3/(3+எ) என்று போட்டு, ஆ-வை 1 − பே − க × 3/(3+எ) என மாற்ற வேண்டும். இரண்டுக்கும் எ-யின் மதிப்பு வேறுபடும். எதைப் போட்டீர்கள் என்று எழுதாத அறிக்கையை யாரும் சரிபார்க்க முடியாது.

கேலக்ஸிக் கொத்துகளின் வாயுப் பங்கை வைத்தும் இதைச் சோதிக்கிறார்கள். எ பூஜ்யம் இல்லை என்றால் வாயுவுக்கும் மொத்தப் பொருளுக்கும் உள்ள விகிதம் செம்பெயர்ச்சியோடு நகரும். ஆனால் வெளியிடப்படும் வாயுப் பங்கு எண்கள் ஒரு குறிப்பிட்ட பிரபஞ்ச மாதிரியின் தூரங்களை வைத்துக் கணக்கிடப்பட்டவை, அவற்றைத் திருத்தாமல் பயன்படுத்த முடியாது. முதல் ப்ராஜெக்ட்டில் தொட வேண்டாம்.

பின்னணிக் கதிர்வீச்சைச் சேர்த்தால் பிடி பல மடங்கு இறுகும். எ = 0.01 என்பது செ = 1-இல் அடர்த்தியை 0.7 சதவீதம்தான் மாற்றும், செ = 1090-இல் 7 சதவீதம் மாற்றும். அங்கே பிளாங்க்கின் பிழை சுமார் ஒரு சதவீதம். ஆனால் அதற்குச் சுருக்க எண்கள் உதவாது, கிளாஸ் போன்ற மென்பொருளில் கரும்பொருள் சமன்பாட்டையே மாற்றி, அடர்த்தி அலைகளின் வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சி மொழியும், வழிகாட்டத் தெரிந்தவரும் தேவை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கி.மீ. தான். கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனமும், சதாசிவ நகரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. முதல் பகுதியை முடித்து, போலித் தரவுச் சோதனையின் படங்களோடு மின்னஞ்சல் எழுதினால் பேச ஒரு பொருள் இருக்கும்.

அறிக்கையில் இவை இருக்கட்டும்: எ-யின் மதிப்பும் பிழையும், எந்தச் சூத்திரம், எந்தெந்தத் தரவு எந்தப் பதிப்பு, செம்பெயர்ச்சி வெட்டு, எல்லைகள், மூன்று கை-ஸ்கொயர் எண்கள், போலித் தரவு முடிவு, ஒவ்வொரு தரவையும் நீக்கியபோது எ நகர்ந்த அளவு, ஒலி எல்லைத் தூரத்தை 147.1-இல் பூட்டி ஓட்டினால் வரும் விடை தனியாக. கடைசி எண்ணுக்கும் உங்கள் முதன்மை விடைக்கும் உள்ள வித்தியாசம்தான், முன்முடிவு எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான அளவு.